ஆறாம் மாசத்துல ஜவ்வு விலகல்: எம்ஆர்ஐ எடுக்கலாமா, சிசேரியன்தானா? (கோத்தகிரியிலிருந்து)

சாரல்_கோத்தகிரி · ஜூலை 14, இரவு 9.40

வணக்கம்ங்க. எனக்கு 24 வாரம், ரெண்டாவது பிள்ளை. மூத்தவனுக்கு நாலு வயசு. கோத்தகிரி டவுன்ல இருந்து தள்ளி ஒரு ஊர்ல இருக்கோம். ரோட்டுல இருந்து வீட்டுக்கு 60 படிக்கு மேல இறங்கணும். தேயிலை ஃபேக்டரி ஆபீஸ்ல கணக்கு பார்க்கறேன், நாள் முழுக்க நாற்காலிதான்.

மூணு வாரம் முன்னாடி குழாய்ல தண்ணி வந்த அன்னைக்கு, நிறைஞ்ச குடத்தைத் தூக்கிட்டுத் திரும்பினேன். இடுப்புல சுருக்குன்னு ஒண்ணு. அன்னைக்கு ராத்திரி சும்மா இடுப்புவலிதான். நாலாம் நாள்ல இருந்து வலி வலது புட்டத்துல ஆரம்பிச்சு, தொடைக்குப் பின்னாடி வழியா கெண்டைக்கால் வரைக்கும் கம்பி இழுத்த மாதிரி இறங்குது. சுண்டு விரலும் பாதத்தோட வெளி ஓரமும் மரத்துக் கிடக்கு. தும்மினா உயிர் போகுது. ஒரு பக்கமா பத்து நிமிஷம் படுத்தா அடுத்த பக்கம் திரும்ப அழுகையே வருது.

பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டினேன். மாசமா இருந்தா இடுப்பு வலிக்கத்தான் செய்யும்னு அனுப்பிட்டாங்க. மெடிக்கல்ல கேட்டு ஒரு வலி மாத்திரை வாங்கி ரெண்டு நாள் போட்டேன், இப்ப அதுவே பயமா இருக்கு. அத்தை, நீவி விடற பாட்டியைக் கூப்பிட்டு எண்ணெய் போட்டு எடுத்துவிடலாம்ங்கறாங்க. ஆபீஸ்ல ஒரு அக்கா இது ஜவ்வு விலகல், எம்ஆர்ஐ எடுத்துப் பாருன்னாங்க. ஸ்கேன் மெஷினுக்குள்ள போனா பிள்ளைக்கு ஆகாதுன்னு அம்மா ஒத்துக்கல. அப்படியே ஜவ்வு விலகியிருந்தா சிசேரியன்தானாமே?

இதைக் கடந்து வந்தவங்க யாராவது சொல்லுங்க. ராத்திரிதான் ரொம்ப கஷ்டமா இருக்கு.

குன்னூர்_அக்கா · ஜூலை 14, இரவு 10.15

தங்கச்சி, படிச்சதும் என் 2019 அப்படியே கண்ணு முன்னாடி வந்துருச்சு. எனக்கும் ரெண்டாவது பிள்ளைதான், 28 வாரம். எனக்கு எல்4-எல்5 (இடுப்பு முள்ளெலும்புல நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல இருக்கற ஜவ்வு), வலி இடது பக்கம். பெருவிரல்தான் மரத்துச்சு. எம்ஆர்ஐ எடுத்தேன். ஆபரேஷன் இல்ல, சிசேரியனும் இல்ல. அந்தப் பிள்ளை இப்ப ஸ்கூலுக்குப் போகுது, நல்லா இருக்கா.

முதல்ல ராத்திரிக்கு ஒரு வழி சொல்றேன். இடது பக்கம் ஒருக்களிச்சுப் படு. முட்டி ரெண்டையும் கொஞ்சம் மடக்கி நடுவுல ஒரு தடிமனான தலையணை வை, கணுக்கால் வரைக்கும் அது வரணும். வயித்துக்கு அடியில ஒரு சின்னத் துண்டு மடிச்சு வை. திரும்பும்போது இடுப்பை மட்டும் முறுக்காதே. முட்டியைச் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே கட்டையா உருளணும். எழுந்திருக்கும்போது காலை முதல்ல கட்டிலுக்குக் கீழ விட்டுட்டு கையை ஊன்றி எழு. எனக்குப் பாதி ராத்திரி அழுகை இதுலயே நின்னுச்சு.

மூத்தவனைத் தூக்கறதை இன்னைக்கே நிறுத்து. நீ உக்காந்துக்கோ, அவன் மடியில ஏறிக்கட்டும்.

இயன்முறை_உதகை · ஜூலை 15, காலை 6.50

நான் ஊட்டியில் பிசியோதெரபிஸ்ட். மலையில் இருக்கிற கர்ப்பிணிகளை நிறையப் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்ப காலத்தில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இடுப்பு வலி வரும், கிளினிக்கில் சொன்னது அந்த அளவில் சரிதான். வயிறு முன்னால் வர வர முதுகின் வளைவு கூடுகிறது. ரிலாக்ஸின் போன்ற ஹார்மோன்கள் இடுப்பெலும்பு மூட்டுகளின் தசைநார்களைத் தளர்த்துகின்றன. அந்த வலி இடுப்பிலும் புட்டத்திலும் இருக்கும், தொடை வரைக்கும்கூட வரலாம். முட்டிக்குக் கீழே இறங்கி, விரல் மரத்து, தும்மினால் மின்னல் அடிக்கிற வலி வேறு. அதைச் சகஜம் என்று விடக்கூடாது. கர்ப்பத்தில் அப்படி நரம்பை அழுத்துகிற அளவுக்கு ஜவ்வு விலகுவது 10,000 பேரில் ஒருவருக்கு என்கிற கணக்கில்தான் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அபூர்வமாக இருப்பதால்தான் அது தவறவிடப்படுகிறது.

ஜவ்வு என்பது முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற வட்டு. அதற்குச் சுற்றிலும் கெட்டியான நார் வளையம், உள்ளே கொழகொழப்பான மையம். வளையம் கிழிந்து மையம் பின்னால் பிதுங்கி, பக்கத்தில் போகிற நரம்பு வேரை அழுத்துகிறது. அழுத்தம் மட்டும் இல்லை, அங்கே அழற்சியும் வரும். பெரும்பாலும் கடைசி இரண்டு மட்டங்களில்தான் நடக்கும். எல்5 நரம்பு என்றால் பெருவிரல் பக்கம் மரக்கும், குதிகாலில் நடக்க முடியாது, பாதம் தொங்கும். அதற்கு அடுத்த நரம்பான எஸ்1 என்றால் சுண்டு விரலும் வெளி ஓரமும் மரக்கும், முன்பாதத்தில் எம்பி நிற்க முடியாது. நீங்கள் சொல்வது எஸ்1 மாதிரி இருக்கிறது. சுவரையோ மேசையையோ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். இடது காலில் எத்தனை முறை, வலதில் எத்தனை முறை என்று எழுதி வையுங்கள். வாரம் ஒரு முறை இதைப் பார்த்தால் நரம்பு தேறுகிறதா பின்வாங்குகிறதா என்று தெரியும். வலியைவிட இந்த எண்ணிக்கைதான் எனக்கு முக்கியம்.

எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, காந்தமும் ரேடியோ அலையும்தான். கர்ப்பத்தில் தேவைப்பட்டால் எடுக்கலாம். நரம்பில் ஏற்றுகிற கடோலினியம் சாய மருந்து மட்டும் வேண்டாம். ஜவ்வு பார்க்க அது தேவையும் இல்லை. கர்ப்பமாக இருப்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சிடி ஸ்கேன் யாராவது எழுதினால், எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று கேளுங்கள்.

முழு ஓய்வு என்று படுத்துவிடாதீர்கள். ஒன்றிரண்டு நாள் சரி, அதற்கு மேல் படுத்தால் தசை இளகும். கர்ப்பத்தில் காலில் ரத்தம் உறைகிற ஆபத்தும் படுக்கையில் கூடுகிறது. சமதளமான இடத்தில் பத்துப் பத்து நிமிடமாக நடங்கள். நம் ஊரில் சமதளம் கிடைப்பதே கஷ்டம் என்று தெரியும், வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் போதும். 60 படியை ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் ஏறி இறங்குகிற மாதிரி வேலையை அமைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்கள். துவைக்கிற கல்லில் குனிந்து துவைப்பது, ஈர மூட்டையைத் தூக்கி மாடிக்குப் போவது இரண்டும் இப்போது கூடாது.

பயிற்சியை நேரில் ஒருவர் பார்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். நான்கு காலில் நின்று முதுகை மெதுவாக மேலே தூக்கி இறக்குவது, சுவரில் சாய்ந்து இடுப்பை லேசாகச் சாய்ப்பது, வயிற்றின் ஆழத் தசையை மூச்சோடு இறுக்குவது, இவை பொதுவாகப் பொருந்தும். எதைச் செய்தாலும் ஒரு விதி: காலில் இருக்கிற வலி மேலே ஏறி இடுப்புக்கு வந்தால் நல்லது, இடுப்பு வலி கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள். 20 வாரத்துக்கு மேல் மல்லாந்து படுத்துச் செய்கிற பயிற்சி எதுவும் நீளமாக வேண்டாம். கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தும், தலை சுற்றும்.

வெந்நீர்ப் பை இடுப்பில் வைக்கலாம், துணி சுற்றி, பத்து பதினைந்து நிமிடம். மரத்துப்போன பாதத்தில் மட்டும் வைக்காதீர்கள். சூடு தெரியாமல் கொப்புளம் போட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தைலமரம் · ஜூலை 15, காலை 11.20

சகோதரிக்கு வணக்கம். எங்க குடும்பம் ரெண்டு தலைமுறையா தைலம் காய்ச்சி விக்கறோம். யூகலிப்டஸ் தைலத்தோட கல்தேரியா எண்ணெய் கலந்து இடுப்புல இருந்து குதிகால் வரைக்கும் அழுத்தி நீவினா நரம்பு இறுக்கம் விட்டுரும். எங்க அம்மாவுக்கு ஜவ்வு விலகினப்ப பாட்டி காலை இழுத்து எடுத்துவிட்டாங்க, அடுத்த நாளே நடந்தாங்க. ஸ்கேன், ஆபரேஷன்னு பயப்படறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்.

செவிலியர்_பாட்டி · ஜூலை 15, மதியம் 2.05

தைலமரம் தம்பி, உங்க மனசு புரியுது. நானும் ராத்திரி தைலம் தேய்க்காம தூங்கினதில்லை. ஆனா கர்ப்பிணிக்கு இதை நான் சம்மதிக்க மாட்டேன், காரணம் சொல்றேன். 31 வருஷம் கிராம சுகாதார செவிலியரா இந்த மலையில நடந்தவ நான்.

கல்தேரியா எண்ணெய்ங்கறது விண்டர்கிரீன் எண்ணெய். அதுல ஏறக்குறைய முழுக்கவே மெத்தில் சாலிசிலேட்தான், ஆஸ்பிரினுக்கு உறவு. தோல் வழியா ரத்தத்துல சேரும். உங்க அம்மாவுக்குப் போட்டது வேற, வயித்துல பிள்ளை இருக்கறவளுக்கு இடுப்புல இருந்து குதிகால் வரைக்கும் தினம் தேய்க்கறது வேற. ஊட்டிக்கு வர்ற ஒவ்வொருத்தரும் வாங்கிட்டுப் போற சின்ன பாட்டில்தானேன்னு நினைக்கக் கூடாது.

காலை இழுத்து எடுக்கறது, முதுகுல ஏறி மிதிக்கறது, முறுக்கி சொடக்கு எடுக்கறது, இது மூணும் கண்டிப்பா வேண்டாம். ஏற்கெனவே பிதுங்கி நிக்கற ஜவ்வு மொத்தமா உடைஞ்சு வெளிய வந்தா என்ன ஆகும்? கண்ணு, உங்க அத்தை மனசு நோகாம ஒரு வழி இருக்கு. ஒருக்களிச்சுப் படுத்துக்கோ, தேங்காய் எண்ணெய் வெதுவெதுப்பா வெச்சு அவங்களையே தோள்லயும் முதுகோட மேல் பக்கமும் மெதுவாத் தடவிவிடச் சொல்லு. அழுத்தம் கூடாது. அவங்களுக்கும் செஞ்ச திருப்தி, உனக்கும் தூக்கம்.

மாத்திரை பேரைப் பாரு. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென்னு இருந்தா இனிமே தொடாதே. 20 வாரத்துக்கு மேல இந்த வகை மாத்திரை குழந்தையோட சிறுநீரகத்தைப் பாதிச்சு பனிக்குட நீரைக் குறைக்கலாம்னு 2020ல அமெரிக்க மருந்து நிர்வாகமே எச்சரிச்சிருக்கு. ஏழாம் மாசத்துக்கு மேல குழந்தையோட இதயத்துகிட்ட இருக்கற ஒரு ரத்தக் குழாய் முன்கூட்டியே மூடிக்கற ஆபத்தும் உண்டு. ரெண்டு நாள் போட்டதுக்காகப் பயந்து சாக வேண்டாம். அடுத்த தடவை டாக்டர்கிட்ட அட்டையைக் காட்டிச் சொல்லு, தேவைன்னா பனிக்குட நீரைப் பார்ப்பாங்க. வலிக்கு முதல்ல பாரசிட்டமால், அதுவும் டாக்டர் சொன்ன அளவு. பாரசிட்டமால்னு அட்டையில இருந்தாலும் கூடவே அசெக்ளோஃபெனாக் கலந்திருக்கும், ரெண்டு பேரையும் படி. நரம்பு மாத்திரைன்னு பிரிகாபாலின் சேர்ந்தது குடுத்தாலும் கர்ப்பம்னு சொல்லிக் கேளு.

இன்னொண்ணு, யாரும் பேச மாட்டாங்க. இரும்புச் சத்து மாத்திரையால மலச்சிக்கல் வரும். முக்கினா ஜவ்வு மேல அழுத்தம் ஏறும். குளிருக்கு நம்ம ஊர்ல தண்ணியே குடிக்க மாட்டாங்க, டீ மட்டும்தான். வெந்நீர் ஃப்ளாஸ்க்ல ஊத்தி பக்கத்துல வெச்சுக்கோ. பீன்ஸ், பட்டாணி, கீரை எல்லாம் தோட்டத்துலயே இருக்கு. முடிஞ்சா வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கற இடமா பாத்துக்கோ.

தைலமரம் · ஜூலை 15, மாலை 5.30

அம்மா, சாலிசிலேட் விஷயம் எனக்குத் தெரியாது. கர்ப்பிணிப் பெண்கள் கேட்டா இனிமே குடுக்க மாட்டேன்.

சாரல்_கோத்தகிரி · ஜூலை 22, இரவு 8.30

எல்லாருக்கும் கை கூப்பி நன்றி. எம்ஆர்ஐ எடுத்தாச்சு. கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்க இருந்து கோயம்புத்தூர் இன்னும் ஒரு 35. காரோட முன் சீட்டைச் சாய்ச்சு, இடுப்புக்குப் பின்னாடி சுருட்டின துண்டு வெச்சுக்கிட்டேன். அரவேணுவுலயும் குஞ்சப்பனையிலயும் நிறுத்தி இறங்கி நடந்தேன். வளைவுல ஒவ்வொரு தடவை வண்டி திரும்பும்போதும் கால்ல மின்னல்தான். ஆனா போயிட்டேன்.

மெஷின் உள்ள பயங்கர சத்தம், காதுக்கு அடைப்பு குடுத்தாங்க. இடது பக்கம் லேசா சாய்ச்சுப் படுக்க வெச்சாங்க, அரை மணி நேரம். கையில ஒரு பல்பு குடுத்து, முடியலைன்னா அமுக்குன்னாங்க. பிள்ளை உள்ள உதைச்சுக்கிட்டே இருந்தான், அதுவே தைரியம்.

ரிப்போர்ட்: எல்5-எஸ்1 ஜவ்வு வலது பக்கம் பிதுங்கி எஸ்1 நரம்பை அழுத்துது. நரம்பு சர்ஜன் குதிகாலுக்கு மேல தட்டிப் பாத்தார், வலது பாதம் தானா துள்ளணும், துள்ளல. முன்பாதத்துல எம்பறது இடது கால்ல 15, வலதுல ஒண்ணு கூட இல்ல. அவர் சொன்னது: பெரும்பாலானவங்களுக்கு 6ல இருந்து 12 வாரத்துல குறையும், பிதுங்கி வெளிய வந்த துண்டை உடம்பே மெல்ல மெல்லக் கரைச்சுக்கும். பாரசிட்டமால், பிசியோ, இடுப்பு பெல்ட். ரெண்டு வாரத்துல திரும்ப வரணும். வலுக்குறைவு கூடினாலோ, மூத்திரப் பிரச்சனை வந்தாலோ அன்னைக்கே வரணும். அந்தக் கடைசி வரியை அவர் ரெண்டு தடவை சொன்னார். ஏன்னு கேக்க எனக்கு அப்ப தோணல.

கூடலூர்_அப்பா · ஜூலை 22, இரவு 11.50

ஏன்னு நான் சொல்றேன். இதை எழுதறதா வேண்டாமான்னு ஒரு வாரமா இந்த இழையைப் படிச்சுக்கிட்டு இருந்தேன்.

என் மனைவிக்கு 31 வாரம். உங்களை மாதிரியே ஒரு கால்ல வலி, ரெண்டு மாசமா. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வலி திடீர்னு குறைஞ்சுது. நாங்க சந்தோஷப்பட்டோம். ராத்திரி ரெண்டு காலும் கனமா இருக்குன்னா. சனிக்கிழமை காலையில மூத்திரம் வர்ற உணர்ச்சியே இல்ல, கொஞ்சம் கொஞ்சமா தானா கசியுது. உக்காந்தா அடியில பஞ்சு வெச்ச மாதிரி இருக்குன்னு சொன்னா. வயிறு அழுத்துது, அதான்னு நினைச்சோம். ஒரு இடத்துல காட்டினோம், மூத்திரத் தொற்றுன்னு மாத்திரை குடுத்தாங்க. சாயங்காலம் அவளால படி ஏற முடியல.

எங்க மாமா ஒருத்தர் கேரளாவுல ஆஸ்பத்திரி வேலையில இருந்தவர். போன்ல கேட்டதும், இப்பவே இறங்குங்கன்னு கத்தினார். நாடுகாணி இறங்கி, வழிக்கடவு, நிலம்பூர் வழியா பெரிந்தல்மண்ணை. அந்த இறக்கத்துல அவ என் கையைப் பிடிச்சிருந்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கு. ராத்திரி 11 மணிக்கு எம்ஆர்ஐ. ஒரு பெரிய துண்டு உடைஞ்சு வந்து மொத்த நரம்புக் கற்றையையும் நசுக்கி இருந்துச்சு. தண்டுவடம் இடுப்புக்கு மேலயே முடிஞ்சுருமாம், அதுக்குக் கீழ நரம்பெல்லாம் குதிரை வால் மாதிரி தொங்குமாம். அந்த வாலை நசுக்கறதுக்குப் பேரு காடா ஈக்வினா. 48 மணி நேரத்துக்குள்ள அழுத்தத்தை எடுத்தா நரம்பு பிழைக்க வாய்ப்பு அதிகம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லதுன்னாங்க.

பிள்ளை உள்ள இருக்கும்போதே ஆபரேஷன். இடது பக்கம் சாய்ச்சுப் படுக்க வெச்சு, குழந்தையோட இதயத் துடிப்பை முன்னயும் பின்னயும் பார்த்து செஞ்சாங்க. 34 வாரம் தாண்டி இருந்தா முதல்ல குழந்தையை எடுத்துட்டு அப்புறம் முதுகைத் தொடுவாங்களாம், எங்களுக்கு அந்த நேரம் வரல. விடியக்காலையில டாக்டர் வெளிய வந்து ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னார்.

38 வாரத்துல பொண்ணு பிறந்தா. என் மனைவி இன்னைக்கு நடக்கறா, வேலைக்குப் போறா. மூத்திரம் மட்டும் ஏழு மாசம் டியூப் வெச்சுத்தான் எடுத்தோம். சனிக்கிழமை காலையிலேயே இறங்கியிருந்தா அந்த ஏழு மாசம் இருந்திருக்காதோன்னு எனக்கு இப்பவும் தூக்கம் போகும்.

அதனால இந்த இழையைப் படிக்கற ஆம்பளைங்களுக்குச் சொல்றேன். வெட்கப்படாம கேளுங்க: மூத்திரம் முழுசாப் போகுதா, துடைக்கும்போது உணர்ச்சி இருக்கா, ரெண்டு கால்லயும் பலம் குறையாம இருக்கா, பாதம் தொங்காம இருக்கா. ஒண்ணு இல்லைன்னாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க, 108 கூப்பிடுங்க. எந்த வழியா இறங்கறது, எந்த ஆஸ்பத்திரியில ராத்திரியும் எம்ஆர்ஐயும் முதுகுத்தண்டு சர்ஜனும் குழந்தைகள் ஐசியூவும் இருக்குன்னு வலி இல்லாத நாள்லயே விசாரிச்சு எழுதி ஒட்டி வையுங்க. மைசூர் பக்கம் போறவங்க, பந்திப்பூர் கேட் ராத்திரி 9ல இருந்து காலை 6 வரைக்கும் மூடியிருக்கும், ஆம்புலன்ஸுக்குத் திறப்பாங்கங்கறதையும் நினைவுல வையுங்க.

சாரல்_கோத்தகிரி · ஜூலை 23, காலை 7.10

அண்ணா, உங்க பதிவை வீட்டுக்காரர்கிட்ட சத்தமாப் படிச்சுக் காட்டினேன். அவர் ஒண்ணும் பேசல. எழுந்து போய் காலண்டர் பின்னாடி நம்பர் எல்லாம் எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டார். அண்ணிகிட்ட என் அன்பைச் சொல்லுங்க.

தோட்டத்து_மகள் · ஜூலை 29, இரவு 9.00

எங்க அண்ணி எஸ்டேட்ல கொழுந்து பறிக்கறாங்க, அஞ்சாம் மாசம். சரிவுல நின்னு, முதுகுல பையோட, எடை போடற இடம் வரைக்கும் தூக்கிட்டு வரணும். அவங்களுக்கும் முட்டிக்குக் கீழ இழுக்குதாம். லீவு போட்டா சம்பளம் போயிடும்னு சொல்ல மாட்டேங்கறாங்க. என்ன செய்யலாம்?

செவிலியர்_பாட்டி · ஜூலை 30, காலை 8.15

பாப்பா, முதல்ல டாக்டர்கிட்ட காட்டி எழுத்துல வாங்கு: சுமை தூக்கக் கூடாது, சரிவுல நிக்கக் கூடாதுன்னு. அதைக் காட்டி உக்காந்து செய்யற வேலை கேக்கலாம். நாத்துப் பண்ணையிலயோ பிள்ளை மடுவத்துலயோ (எஸ்டேட்ல பிள்ளைங்களைப் பாத்துக்கற இடம்) மாத்திக் குடுத்த எஸ்டேட்டுகளை நான் பாத்திருக்கேன். பேறுகால விடுப்பு முதல் ரெண்டு பிள்ளைக்கு 26 வாரம், அதுல 8 வாரம் வரைக்கும் பிரசவத்துக்கு முன்னாடியே எடுக்கலாம். முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை செஞ்சிருக்கணும். கர்ப்பத்தால வந்த நோய்னு டாக்டர் சான்று குடுத்தா அது போக ஒரு மாசம் வரைக்கும் சம்பளத்தோட விடுப்புக்கு சட்டம் இருக்கு. இந்த ஒரு மாசம் பலருக்குத் தெரியாது. பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு பண்ணினா குடுக்கற எண்) வாங்கிட்டாளா? இல்லைன்னா இந்த வாரமே ஊர் நர்ஸைப் பாக்கச் சொல்லு. தகுதி இருந்தா முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல 18,000 ரூபாய் மதிப்புக்கு வரும், அதுக்கும் அந்த எண்தான் ஆதாரம்.

மேட்டுப்பாளையம்_மருமகள் · ஆகஸ்ட் 11, மாலை 4.40

எங்க நாத்தனாருக்கு ஜவ்வு விலகல் இருந்துச்சு, டாக்டரே சிசேரியன்னுட்டார். முக்கினா கால் போயிடும்னாங்க. ரிஸ்க் எடுக்காதீங்க சாரல். முதுகுல ஊசி போட்டா ஜவ்வு இன்னும் மோசமாகும், அதனால முழு மயக்கம் குடுக்கச் சொல்லுங்க.

மயக்கவியல்_கோவை · ஆகஸ்ட் 11, இரவு 10.25

பிரசவ அறையில் மயக்க மருந்து கொடுப்பதுதான் என் வேலை. இந்த இரண்டு பயத்தோடும் வருகிற பெண்களை அடிக்கடி சந்திக்கிறேன்.

ஜவ்வு விலகல் இருப்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. கால் வலுக்குறைவு கூடிக்கொண்டே போனால், காடா ஈக்வினா அறிகுறி வந்தால், அல்லது மகப்பேறு சார்ந்த வேறு காரணம் இருந்தால் அந்த முடிவு வரும். உங்கள் நாத்தனாருக்கு அப்படி ஏதாவது இருந்திருக்கலாம், அவர் டாக்டர் தவறு என்று நான் சொல்லவில்லை. முக்கும்போது முதுகுத்தண்டுக்குள் அழுத்தம் ஏறுவது உண்மை. அதைக் குறைக்க ஒருக்களித்துப் படுத்து முக்கலாம், தேவைப்பட்டால் கடைசிக் கட்டத்தை வாக்யூம் (குழந்தையின் தலையில் பொருத்தி இழுக்கிற கருவி) வைத்துச் சுருக்கலாம்.

முதுகில் போடுகிற ஊசி ஜவ்வுக்குள் போவதில்லை. தண்டுவடம் முடிந்த பிறகு வருகிற இடைவெளியில்தான் போடுகிறோம். ஜவ்வு விலகியவர்களுக்கும் எபிட்யூரல் (பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகு வழியாகக் கொடுக்கிற மருந்து) கொடுக்கலாம். ஊசி போட்டதால் ஆயுசுக்கும் முதுகுவலி என்பதும் நிற்காத பேச்சு. போட்ட இடம் சில நாள் நோகும், அவ்வளவுதான். கர்ப்பிணிக்கு முழு மயக்கம்தான் நாங்கள் முடிந்தவரை தவிர்க்கப் பார்ப்பது.

எம்ஆர்ஐ படத்தோடு 32 முதல் 34 வாரத்துக்குள் மயக்கவியல் மருத்துவரை ஒரு முறை பாருங்கள். எந்த விரல் மரத்திருக்கிறது, எந்த அசைவு பலவீனம் என்று அவர் அன்றே எழுதி வைக்கட்டும். பிரசவத்துக்குப் பிறகு இது ஊசியால் வந்ததா, முன்பே இருந்ததா என்கிற குழப்பம் வராது. புதிதாக ஒன்று வந்தால் உடனே கண்டுபிடிக்கவும் முடியும். எபிட்யூரல் வேலை செய்யும்போது வலி தெரியாது என்பதால் காலை அளவுக்கு மீறி மடக்கிப் பிடிக்காமல் பார்க்க யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மேட்டுப்பாளையம்_மருமகள் · ஆகஸ்ட் 12, காலை 9.05

நாத்தனார்கிட்ட கேட்டேன். அவங்களுக்குக் குழந்தை குறுக்கா இருந்துச்சாம், அதான் சிசேரியன். இத்தனை வருஷமா நாங்க முதுகுனாலதான்னு நினைச்சிருக்கோம்.

சாரல்_கோத்தகிரி · செப்டம்பர் 16, இரவு 8.00

33 வாரம். வலி பாதிக்கு மேல குறைஞ்சுருச்சு. போன மாசக் கடைசியில ஒரு நாள் காலையில எழுந்து பல் தேய்ச்சு முடிச்ச அப்புறம்தான் வலிக்கலைங்கறதே ஞாபகம் வந்துச்சு. சுண்டு விரல் மரப்பு அப்படியே இருக்கு. வலது கால்ல எம்பறது ரெண்டு தடவை முடியுது.

இப்ப எனக்கு மழைதான் கவலை. தேதி நவம்பர் 3. வடகிழக்குப் பருவமழை சரியா அப்பத்தான். 2009 நவம்பர்ல மண்ணு சரிஞ்சு ரோடெல்லாம் போனப்ப நான் ஸ்கூல் படிச்சுட்டு இருந்தேன். எங்க பக்கத்து ஊர் அக்காவைக் கட்டில்ல வெச்சுத் தூக்கிட்டுப் போனதைக் கண்ணால பாத்திருக்கேன். நார்மலா பிரசவம் பாக்க மலையிலயே போதும், ஆனா எனக்கு நரம்பு சர்ஜனும் தேவைப்படலாம். அதனால அக்டோபர் 10க்கு மேல காரமடையில சித்தி வீட்டுக்கு இறங்கிடறதா முடிவு. அத்தையும் கூட வர்றாங்க. மயக்க டாக்டரைப் பாத்தாச்சு, சார் சொன்ன மாதிரியே எழுதிக்கிட்டாங்க.

குன்னூர்_அக்கா · செப்டம்பர் 16, இரவு 8.20

நல்ல முடிவு. குழந்தை வந்த அப்புறம் இன்னும் ஜாக்கிரதை. எனக்கு வலி திரும்ப வந்தது பிரசவத்துல இல்ல, குளிப்பாட்டறதுல. காலை நீட்டி உக்காந்து பிள்ளையைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டக் கூடாது நீ. அதை அத்தைகிட்ட விட்டுரு. பால் குடுக்கும்போது குனியாதே, தலையணை வெச்சு பிள்ளையை உன் உயரத்துக்குக் கொண்டுவா.

சாரல்_கோத்தகிரி · டிசம்பர் 2, மதியம் 1.30

பையன். அக்டோபர் 29, 2 கிலோ 900. வலி எடுத்தது ராத்திரி 2 மணிக்கு, அன்னைக்கு மலையில நல்ல மழை. நாங்க கீழ இருந்தோம். எபிட்யூரல் போட்டுக்கிட்டேன். இடது பக்கம் ஒருக்களிச்சுத்தான் முக்கினேன். வலது காலை ஒரு நர்ஸம்மா தன் தோள்ல தாங்கிக்கிட்டாங்க, அவங்க கையை நான் மறக்க மாட்டேன். வாக்யூம் தேவைப்படல. மறுநாள் முழுக்க மூத்திரம் போகும்போதெல்லாம் அளவு எழுதி வெச்சாங்க. கூடலூர் அண்ணா, அந்த ஒவ்வொரு தடவையும் உங்களையும் அண்ணியையும் நினைச்சேன்.

அத்தைதான் தினமும் குளிப்பாட்டறாங்க. அவங்க கால்ல போட்டு, எண்ணெய் தேய்ச்சு, மூக்கை நீவி. நீவற ஆசையெல்லாம் இப்ப பேரன்கிட்ட தீருது.

இயன்முறை_உதகை · டிசம்பர் 2, இரவு 9.10

மிகவும் மகிழ்ச்சி. குதிகால் எண்ணிக்கை எவ்வளவு?

சாரல்_கோத்தகிரி · டிசம்பர் 3, காலை 6.30

இப்பத்தான் சமையல்கட்டு மேடையைப் பிடிச்சுக்கிட்டுப் பாத்தேன். இடது 20. வலது 8. சுண்டு விரல் நுனி மட்டும் இன்னும் மரப்பு.